இடுப்புவலியும் நடுவுடல் பயிற்சியும்

கீழ்முதுகில் வரும் வலிக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் சொற்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். 'இடுப்பு பிடித்துக்கொண்டது' என்கிறோம். எக்ஸ்ரே எடுத்த பிறகு 'எலும்பு தேய்ந்துவிட்டது' என்கிறோம். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு 'ஜவ்வு விலகிவிட்டது' என்கிறோம். வலிக்கு வைக்கும் பெயரே வைத்தியத்தையும் முடிவுசெய்துவிடுகிறது. பிடித்துக்கொண்டது என்றால் யாரையாவது நீவிவிடச் சொல்ல வேண்டும். தேய்ந்துவிட்டது என்றால் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற அசையாமல் கிடக்க வேண்டும். விலகிவிட்டது என்றால் யாராவது அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். இந்த மூன்றில் எதை நம்பினாலும், வலிக்கிற இடுப்பை வைத்துக்கொண்டு உடற்பயிற்சி செய்வது அறிவுள்ள காரியமாகத் தோன்றாது. அண்மைக் காலத்தில் ஜிம் வழியாக நான்காவது சொல் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது: 'கோர் வீக்காக இருக்கிறது'. இதை நம்புகிறவர் நேர் எதிர்த்திசையில் ஓடுகிறார். வயிற்றுத் தசையை முறுக்கேற்றினால் முதுகு சரியாகிவிடும் என்று நாளுக்கு நூறு சிட்அப் எடுத்து, இருந்த வலியைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்.

சாதாரண இடுப்புவலிக்கு நடுவுடல் (கோர்) பயிற்சி உதவும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆனால் பரவலாகச் சொல்லப்படும் காரணங்களுக்காக அல்ல. விலகிய எதையும் அது உள்ளே தள்ளுவதில்லை. தூங்கிப்போன ஏதோ ஒரு தசையைத் தட்டி எழுப்புவதும் அதன் வேலையாகத் தெரியவில்லை. சுமைக்குப் பயந்து ஒதுங்கிவிட்ட முதுகை, அளந்து கொடுத்த சிறு சுமைகளால் மறுபடி வேலைக்குப் பழக்குகிறது, அவ்வளவே. காரணம் எதுவானால் என்ன, வலி போனால் சரி என்று கேட்கலாம். எந்தப் பயிற்சி, எவ்வளவு, எப்போது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்தக் காரணத்தைப் பொறுத்தே மாறுகின்றன. அதனால்தான் பயிற்சிக்குள் போகும் முன் இத்தனை பேச்சு.

அதற்கும் முன்னால், யார் இதைப் படித்துவிட்டுப் பாயை விரிக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இழப்பது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, உட்காரும் இடத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது ஆகியவை அவசர நிலை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீழே விழுந்தோ விபத்திலோ தொடங்கிய வலி, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ கூடவே வரும் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, எலும்பு மெலிந்த முதியவருக்குத் திடீரென்று வரும் வலி, படுத்தாலும் புரண்டாலும் ஒரே அளவில் இரவெல்லாம் குடையும் வலி, இவையெல்லாம் மருத்துவர் பார்த்த பிறகே பயிற்சிக்கு வர வேண்டியவை. நம் நாட்டில் முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் இன்னும் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நல்ல வேளையாக இந்தப் பட்டியலில் அடங்குபவர்கள் சிலரே. பெரும்பாலானோரின் இடுப்புவலிக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. அத்தகைய வலியைத்தான் இங்கே சாதாரண இடுப்புவலி என்று சொல்கிறேன். படுகிறவருக்கு அது சாதாரணமாக இருக்காது என்பது வேறு விஷயம்.

நடுவுடல் என்று எதைச் சொல்கிறோம்? முன்னால் வயிற்றுத் தசைகள், இரண்டு விலாப்பக்கமும் சரிவாக ஓடும் தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள், இவை சூழ்ந்த ஒரு பெட்டிதான் நடுவுடல். பிட்டத் தசைகளையும் பலர் இதில் சேர்ப்பார்கள்; சேர்ப்பதுதான் சரி. இந்தப் பெட்டி எதற்கு என்பதை ஒரு சோதனை நன்றாகக் காட்டியது. தசைகளையெல்லாம் நீக்கிவிட்டு, எலும்பும் ஜவ்வும் தசைநாரும் மட்டும் இருக்கும் இடுப்பு முதுகெலும்பின் மேல் எடையை ஏற்றிப் பார்த்தார்கள். சுமார் 90 நியூட்டனில், அதாவது ஏறத்தாழ 9 கிலோ எடையிலேயே அது வளைந்து சரிந்துவிட்டது. ஒரு குடம் தண்ணீர் அதைவிடக் கனம். உயிருள்ள மனிதர் குடத்தையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்குகிறார் என்றால், அந்த உறுதி சுற்றியுள்ள தசைகள் கொடுப்பது. மொட்டைமாடியில் நிற்கும் ஆன்டெனா கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பம் தன் பலத்தால் நிற்பதில்லை. நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகளால் நிற்கிறது. ஒரு கம்பியை மட்டும் பலமாக முறுக்கினால் கம்பம் அந்தப் பக்கம் சாயும். சிட்அப் மட்டுமே எடுப்பவர் செய்வது இதைத்தான்.

இந்த எளிய உண்மையிலிருந்து 'கோர்' என்னும் பெருவியாபாரம் எப்படி எழுந்தது என்பது ஒரு தனிக்கதை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கையைச் சட்டென்று உயர்த்தும்போது, கை அசைவதற்கு முன்பே வயிற்றைப் பட்டைபோலச் சுற்றியுள்ள ஆழமான தசை சுருங்கி உடலைத் தயார்ப்படுத்துகிறது. இடுப்புவலி உள்ளவர்களிடம் அந்தச் சுருக்கம் தாமதமாக வருகிறது என்பது அதன் முடிவு. அதே காலத்தில் ஜூலி ஹைட்ஸ், முதுகெலும்புக் கணுக்களை ஒட்டியிருக்கும் மல்டிஃபிடஸ் என்னும் தசை வலியுள்ள பக்கத்தில் மெலிந்துபோகிறது என்றும், வலி போன பிறகும் அது தானாகத் திரும்புவதில்லை என்றும் காட்டினார். இரண்டும் நல்ல ஆய்வுகள். ஆனால் அவற்றிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடம் சற்று அவசரமானது. தாமதம் வலியின் விளைவாகவும் இருக்கலாமே என்று யோசிக்காமல், அதுவே வலிக்குக் காரணம் என்று முடிவுகட்டினார்கள். 'தொப்புளை முதுகெலும்பை நோக்கி உள்ளிழுங்கள்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். எழும்போதும் உட்காரும்போதும் வயிற்றை எக்கிக்கொண்டே வாழும் ஒரு கூட்டமே உருவாயிற்று.

பிறகு கணக்குப் பார்க்கும் நேரம் வந்தது. ஆழமான தசைகளைக் குறிவைக்கும் இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய 29 சோதனைகளை மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் குழுவினர் 2016இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் செய்யாமலிருப்பதை விட இவை நல்லவை. ஆனால் வேறு வகை உடற்பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஆக, மந்திரம் அந்த ஒற்றைத் தசையில் இல்லை. இங்கேதான் முதல் ஆட்சேபம் எழும்: எல்லாப் பயிற்சியும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றால் நடுவுடல் பயிற்சிக்குத் தனி அத்தியாயம் எதற்கு? நியாயமான கேள்வி. அதன் பதிலை இரண்டு பகுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, உடற்பயிற்சி என்ற மருந்து வேலை செய்கிறது. நாட்பட்ட இடுப்புவலிக்கான உடற்பயிற்சி பற்றி 2021இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு 249 சோதனைகளை எடுத்துக்கொண்டது. சிகிச்சையே இல்லாதவர்களையும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களையும் விட, பயிற்சி செய்தவர்களுக்கு நூற்றுக்குச் சராசரியாக 15 புள்ளிகள் அளவுக்கு வலி குறைந்தது. அதாவது 60 என்று இருந்த வலி 45 ஆகும். இது அற்புதம் இல்லை. ஆனால் சட்டை பட்டனைக் குனிந்து எடுக்கத் தயங்கியவர் தயங்காமல் எடுப்பதற்கு இந்த 15 போதும். மாத்திரைச் செலவு இல்லை, வயிற்றுப்புண் இல்லை. இரண்டாவதாக, எல்லாப் பயிற்சியும் சம பலன் தருமானால், அவற்றில் எதைத் தொடங்குவது எளிது, எதில் முதுகுக்குச் சுமை குறைவு, எதை ஒரு பாயின் அகலத்தில் செய்ய முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் புத்தி. வலியில் இருப்பவரை நீச்சல்குளத்துக்கு அனுப்பலாம்தான். பக்கத்தில் குளம் இருக்க வேண்டும். நன்றாகத் தேர்ந்தெடுத்த நடுவுடல் பயிற்சிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதோடு, சுமையை நொடிக்கணக்கில் அளந்து கூட்டலாம். பயந்துபோன முதுகுக்கு இந்த அளவுதான் முக்கியம்.

நன்றாகத் தேர்ந்தெடுத்த என்று சொன்னதில்தான் சூட்சுமம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் முதுகெலும்பின் இயக்கவியலை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், வயிற்றுப் பயிற்சிகள் ஒவ்வொன்றும் முதுகெலும்பின் மேல் எவ்வளவு அழுத்தம் கொடுக்கின்றன என்று கணக்கிட்டார். ஒரே ஒரு சிட்அப் கீழ்முதுகின் மேல் சுமார் 3,300 நியூட்டன் அழுத்தத்தை ஏற்றுகிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தொழிலாளர்கள் சுமை தூக்குவதற்கு எச்சரிக்கை எல்லையாக வைத்த அளவு 3,400 நியூட்டன். மூட்டை தூக்குபவருக்கு எல்லையாக வைத்ததை ஒட்டிய சுமையை, வலியோடு வந்தவருக்கு மருந்தாக நாளுக்கு நூறு தடவை கொடுப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஆரோக்கியமான முதுகு உள்ளவர் சிட்அப் எடுத்தால் முறிந்துபோவார் என்று இதற்குப் பொருளில்லை. சுமை கூடிய பயிற்சி தவறில்லை; அது கடைசியில் வர வேண்டியது, முதலில் அல்ல.

இன்னொரு சான்று நம்மைப் பலத்திலிருந்து வேறு திசைக்குத் திருப்புகிறது. டென்மார்க்கின் பியரிங்-சோரென்சன் 1984இல் வெளியிட்ட ஆய்வில் எளிய சோதனை ஒன்று உண்டு. இடுப்புக்கு மேல்பகுதி கட்டிலுக்கு வெளியே இருக்கும்படி குப்புறப் படுக்கவைத்து, எவ்வளவு நேரம் உடலை நேராகத் தாங்க முடிகிறது என்று பார்த்தார்கள். நீண்ட நேரம் தாங்கிய ஆண்களுக்கு அடுத்த ஓராண்டில் முதன்முறையாக இடுப்புவலி வருவது குறைவாக இருந்தது. எவ்வளவு கனத்தைத் தூக்க முடிகிறது என்பதல்ல, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது என்பதே அங்கே பேசியது. வாழ்க்கையை யோசித்துப் பார்த்தாலும் இது பொருந்துகிறது. நிற்பதற்கும் நடப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் நடுவுடல் தசைகளின் உச்ச பலத்தில் சிறு பங்கே தேவை. ஆனால் அந்தச் சிறு பங்கு காலையிலிருந்து இரவுவரை தேவை. ஆகையால் பயிற்சியும் குறைந்த விசையில், சில நொடிகள் தாங்கி, விட்டு, மறுபடி தாங்குவதாக அமைய வேண்டும். மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள் இந்த அளவுகோலில் தேறுகின்றன. மூன்றும் சேர்ந்தால் முன்பக்கம், விலாப்பக்கம், பின்பக்கம் என்று ஆன்டெனா கம்பத்தின் எல்லாக் கம்பிகளும் வந்துவிடுகின்றன.

முதல் பயிற்சி தலைதூக்கல். பாயில் மல்லாந்து படுங்கள். ஒரு காலை நீட்டியும், மற்றதை முட்டி மடித்துப் பாதம் தரையில் படியும்படியும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்முதுகின் வளைவுக்கு அடியில் செருகுங்கள். முதுகைத் தரையோடு தட்டையாக அழுத்தக் கூடாது. அந்த இயல்பான வளைவு அப்படியே இருக்கிறதா என்று கண்காணிக்கத்தான் கைகள் அங்கே இருக்கின்றன. இப்போது தலையையும் தோளையும் சேர்த்து ஒரே துண்டாகத் தரையிலிருந்து இலேசாக உயர்த்துங்கள். இலேசாக என்றால் தலைக்கடியில் ஒரு மெல்லிய புத்தகம் நுழையும் அளவு. தாடையை நெஞ்சில் முட்டுவதோ கழுத்தை நீட்டி இழுப்பதோ வேண்டாம். பத்து நொடி அப்படியே இருந்து, இறக்குங்கள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மூச்சை அடக்கித் தம் பிடித்தால் அழுத்தம் ஏறும். பார்ப்பவருக்கு நீங்கள் ஒன்றுமே செய்யாததுபோல் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். கழுத்து வலி உள்ளவர்கள் தலையைத் தூக்காமல், தூக்கப்போவதுபோல் வயிற்றை மட்டும் இறுக்கினாலும் தொடக்கத்துக்குப் போதும்.

இரண்டாவது பக்கத்தாங்கல். ஒருக்களித்துப் படுத்து, கீழ்ப்பக்க முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றுங்கள். முட்டிகளை மடித்துக்கொள்ளுங்கள். முழங்கையிலும் முட்டியிலும் எடை நிற்கும்படி இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். தோளிலிருந்து முட்டிவரை ஒரே நேர்க்கோடு இருக்க வேண்டும். இடுப்பு பின்னால் மடங்கியோ தொய்ந்தோ போகக் கூடாது. பத்து நொடி கழித்து இறக்கி, மறுபக்கம் திரும்புங்கள். இதில் ஒரு பக்கத்தைவிட மற்ற பக்கம் சீக்கிரம் ஆடிப்போவது பலருக்கும் தெரியவரும். பலவீனமான பக்கத்துக்கு ஒரு தடவை கூடுதலாகக் கொடுக்கலாம். முட்டியில் செய்வது எளிதாகிவிட்ட பிறகே கால்களை நீட்டிப் பாதத்தில் தாங்கிச் செய்ய வேண்டும். தோள்வலி உள்ளவர்களும் தரையில் படுத்து எழ முடியாத முதியவர்களும் சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையைச் சுவரில் ஊன்றி, உடலை நேராக வைத்துச் சாய்ந்தே இதைச் செய்யலாம். பாதம் சுவரிலிருந்து விலக விலகச் சுமை கூடும். சுவரில் செய்வது மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் முதுகுக்கு இன்று எது அளவோ அதுதான் பயிற்சி.

மூன்றாவது, கைகளையும் முட்டிகளையும் ஊன்றி மேசைபோல் நின்று செய்வது. எதிரெதிர்க் கையும் காலும் நீளும் இந்தப் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் பறவையும் நாயும் சேர்ந்த ஒரு பெயர் உண்டு. பிசியோதெரபிஸ்ட்டிடம் பேர்ட் டாக் என்று சொன்னால் புரிந்துகொள்வார். வலது கையை முன்னால் நீட்டும்போதே இடது காலைப் பின்னால் நீட்டுங்கள். காலை உயரத் தூக்குவது நோக்கமில்லை. குதிகாலால் பின்சுவரைத் தள்ளுவதுபோல் நீட்டுவதே நோக்கம். கால் உயர்ந்தால் கீழ்முதுகு குழிந்து, பயிற்சியின் பலன் போய்விடும். இடுப்பின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டு அது சிந்தாமல் நில்லுங்கள். பத்து நொடி. பிறகு கையையும் காலையும் தரையோரமாகக் கூட்டி இழுத்துவந்து மறுபடி நீட்டலாம். ஓரிரு தடவை செய்த பின் பக்கம் மாற்றலாம். ஒரே நேரத்தில் கையும் காலும் முடியாவிட்டால் கால் மட்டும் போதும். மூன்று பயிற்சிகளிலும் வலி உள்ளவருக்கு மிகச் சீக்கிரம் நம்பிக்கை தருவது பெரும்பாலும் இதுதான்.

எத்தனை தடவை என்பதில் மெக்கில் ஓர் இறங்குவரிசை முறையைச் சொல்கிறார். அது நல்ல முறை. ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் சுற்றில் ஐந்து, சற்று ஓய்ந்து அடுத்த சுற்றில் மூன்று, கடைசிச் சுற்றில் ஒன்று. ஒவ்வொன்றும் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். பழகப் பழக நொடிகளைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்: ஆறு, நான்கு, இரண்டு, பிறகு எட்டு, ஆறு, நான்கு. தசை களைத்து உருக்குலைந்த நிலையில் தவறாகச் செய்யும் கடைசித் தடவைகளை இந்த முறை தவிர்க்கிறது. பிளாங்க் நிலையில் ஐந்து நிமிடம் நின்று காட்டுவது வேடிக்கைக்குச் சரி, இடுப்புவலிக்கு அது தேவையில்லை. தினமும் செய்யுங்கள். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் பிடிக்கும்.

எப்போது செய்வது என்பது பலர் யோசிக்காத கேள்வி. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பின் ஜவ்வுகள், அதாவது டிஸ்க்குகள், நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருப்பதும், குனியும்போது முதுகு விறைப்பாக இருப்பதும் அதனால்தான். எழுந்த முதல் இரண்டு மணி நேரம் முன்குனிவதைத் தவிர்க்கப் பழக்கியபோது நாட்பட்ட வலி குறைந்ததாக 1998இல் அமெரிக்காவில் ஸ்னூக் குழுவினர் வெளியிட்ட சோதனை காட்டியது. நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். படுக்கையிலிருந்து எழுந்த கையோடு வாசலில் இடுப்பை மடித்துக் குனிந்து, கட்டை விளக்குமாற்றால் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போடுகிறார்கள். கோலத்தைக் கைவிடச் சொல்லவில்லை. நீண்ட கைப்பிடி விளக்குமாற்றால் பெருக்கி, குந்தியோ ஒரு முட்டியைத் தரையில் ஊன்றியோ கோலம் போட்டால் போதும். பயிற்சியையும் எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு, அல்லது மாலையில், வைத்துக்கொள்ளுங்கள். யோகாசனம் செய்பவர்கள் குனிந்து நிமிர்ந்தால் வலி கூடும் காலத்தில் பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம் போன்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு மற்றவற்றைத் தொடரலாம். நாட்பட்ட இடுப்புவலிக்கு மருந்துக்கு முன் முயலவேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்து அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் பரிந்துரைத்திருக்கிறது.

வலி புதிதாக வெட்டிய முதல் சில நாட்களில் இவை எதுவும் வேண்டாம். படுக்கையும் வேண்டாம். ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடத்தி 1995இல் வெளியான சோதனையில் ஒரு பிரிவினரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், ஒரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், மூன்றாம் பிரிவினரை முடிந்த அளவு வழக்கமான வேலைகளைப் பார்க்கச் சொன்னார்கள். விரைவில் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். மோசமாக இருந்தவர்கள் படுத்தவர்கள். நடுவுடல் பயிற்சியின் பெருமை பேசும் நூல்கள் இந்தச் சோதனையைச் சொல்வதில்லை. பயிற்சியும் அன்று தோற்றது அல்லவா. ஆனால் இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கு அது பலமே. முதுகுக்கு வேண்டியது பழக்கமான அசைவு. கடும் வலி உள்ள நாளில் வீட்டுக்குள் நடப்பதே அந்த நாளின் அளவு. வலி தணிந்த பிறகு அளவு கூடுகிறது.

இனி, எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வைத்திருப்பவரின் ஆட்சேபம். 'நான்காவது ஐந்தாவது எலும்புக்கு நடுவில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், நான் எப்படிப் பயிற்சி செய்வது?' வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. வலியில்லாத இருபது வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், ஐம்பது வயதினரில் 60 சதவீதம் பேருக்கும், எண்பது வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. டிஸ்க் தேய்மானமோ எண்பது வயதில் 96 சதவீதம். தலைமுடி நரைப்பதுபோல் இதுவும் வயதின் அடையாளம். ஸ்கேனில் தெரிவது எல்லாருக்கும் பொருளற்றது என்று சொல்ல வரவில்லை. கால்வரை இறங்கும் வலியும் மரப்பும் அதே நரம்போடு பொருந்தினால் அது பொருளுள்ளது. அப்படிப்பட்ட பிதுக்கங்களிலும் பல சில மாதங்களில் தாமாகவே சுருங்குகின்றன. எனவே அறிக்கையை வைத்து மட்டும் பயிற்சியை மறுக்க வேண்டாம். பயிற்சியின்போது உடல் சொல்வதைக் கேளுங்கள். செய்யும்போது முதுகில் இலேசான வலி வந்து, முடித்த சிறிது நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். வலி பிட்டத்தைத் தாண்டித் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்கினால், அல்லது மறுநாள் காலைவரை கூடுதலாகவே நின்றால், அந்தப் பயிற்சியை நிறுத்திப் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

'நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவளுக்குப் பயிற்சி எதற்கு?' என்பது இன்னும் கனமான கேள்வி. நடவு வயலில் நிற்கும் பெண்ணிடமும் சித்தாள் வேலைக்குப் போகிறவரிடமும் போய் முதுகுக்கு அசைவு போதவில்லை என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள், சிரிப்பதே நியாயம். அவர்கள் முதுகுக்கு வேலை ஏராளம், ஆனால் ஒரே திசையில். மணிக்கணக்கில் குனிந்தபடி இருக்கும்போது சுமை பெரும்பகுதியும் முதுகின் பின்பக்கத் தசைநார்களின் மேலேயே நிற்கிறது. அவர்களுக்கு வேண்டியது நடுநடுவே நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துச் சற்றுப் பின்சாய்ந்து, சில அடி நடந்துவிட்டு மறுபடி குனிவது. மாலையில் பக்கத்தாங்கல் ஒன்றைச் செய்தாலும் நல்லது, வேலையில் விலாப்பக்கத் தசைக்குக் கிடைக்காத பங்கு அதில் கிடைக்கும். ஆனால் அளவுக்கு மீறிய வேலையைப் பயிற்சியால் ஈடுகட்டிவிடலாம் என்று சொல்வது பொய். அங்கே மாற வேண்டியது சுமையின் எடையும் கூலிக்கான நேரமும், முதுகல்ல.

கடைசி ஆட்சேபம் நடுவுடல் பயிற்சியின் ஆர்வலர்களுக்கே எதிரானது. வயிற்றை எப்போதும் இறுக்கி வைத்திருந்தால் முதுகு பாதுகாப்பாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இடுப்புவலி உள்ளவர்களில் பலரும் ஏற்கெனவே தேவைக்கு மேல் விறைத்துத்தான் நடக்கிறார்கள். குனியச் சொன்னால் முதுகைப் பலகைபோல் வைத்துக்கொள்கிறார்கள். இறுக்கம் கூடக் கூட முதுகெலும்பின் மேல் அழுத்தமும் கூடும். செருப்பை எடுக்கவும் காபி டம்ளரைத் தூக்கவும் நடுவுடலை இறுக்கத் தேவையில்லை. கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது இறுக்குங்கள், நகர்த்திய பின் விட்டுவிடுங்கள். பாயில் பத்து நொடி தாங்கிய பிறகு முழுதாகத் தளர்த்துவதும் பயிற்சியின் பாதி. இடுப்புப் பெல்ட்டைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை: வலி வராமல் தடுக்க அது உதவுவதாகச் சான்று இல்லை.

வலி போன பிறகு என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இடுப்புவலி திரும்பி வரும் நோய். ஹைட்ஸ் 2001இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தடவை வலி வந்த 39 பேரில், பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கும் செய்யாதவர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஓராண்டுக்குள் வலி திரும்பியது. சின்ன ஆய்வுதான், ஆனால் திசை தெளிவு. வலி போன பிறகும் வாரத்தில் மூன்று நாளாவது இந்த மூன்று பயிற்சிகளைத் தொடருங்கள். அதோடு நடையைச் சேருங்கள். ஆஸ்திரேலியாவில் இடுப்புவலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரிடம் நடந்து, 2024இல் லான்செட் இதழில் வெளியான சோதனையில், பிசியோதெரபிஸ்ட்டின் வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பும்வரை கிடைத்த இடைவெளி 208 நாள். மற்றவர்களுக்கு 112 நாள். அவர்கள் எட்ட முயன்ற அளவு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம்.

ஆறு வாரம் முறையாகச் செய்தும் மாற்றமே இல்லை என்றால், இந்த மூன்று பயிற்சிகளையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்காமல் நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போய், நீங்கள் செய்யும் விதத்தை அவர் எதிரில் செய்து காட்டுங்கள்.